தண்ணீருக்கு அடியில் எரிந்த விளக்கு

முகப்பு விளக்கின் குரோம் வளையத்தை விஷ்ணுப்ரியா கழற்றியதும் உள்ளேயிருந்து முதலில் விழுந்தது ஒரு பல்லியின் எலும்புக்கூடு. அதற்குப் பின்னால் கறுப்பாக, கட்டிதட்டிப்போன சேறு. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினாள். ஒரு வில்லை பெயர்ந்து பாதத்தில் விழுந்து உடைந்தது. உடைந்த இடத்தில் தலைமுடி, ஷாம்பு பாக்கெட்டின் மூலை ஒன்று, கரப்பான் இறக்கைகள். மீதியைக் கரைக்கலாம் என்று மக்கில் தண்ணீர் எடுத்து ஊற்றினாள். அவ்வளவுதான். சாக்கடை மூடியைத் திறந்த மாதிரி ஒரு நாற்றம் கிளம்பி போர்டிகோ முழுக்க நிறைந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள்.

அவளுக்கு நாற்றம் புதிதில்லை. தாம்பரம் மின்ரயில் பணிமனையில் பதினெட்டு வருடமாக எலக்ட்ரிகல் பிரிவில் டெக்னீஷியன். ரயில் பெட்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பவளுக்கு மேலே இருந்து என்னென்ன ஒழுகும் என்று தெரியும். அவளுக்கே குமட்டியது.

கார் 1967ஆம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். இரண்டு கதவு, வெளிர்பச்சை நிறம். முடிச்சூரில் அவர்கள் இருக்கும் அதே காலனியில், இரண்டாவது தெரு ஜெயகிருஷ்ணனிடமிருந்து ஒரு வருடத்துக்கு முன்னால் வாங்கியது. ஜெயகிருஷ்ணனுக்கு எழுபத்தொன்பது வயது. அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். காலனியில் எல்லோருக்கும் ‘பெரியவர்’. வண்டியைக் கொடுக்கும்போது அவர் சாவியோடு ஒரு கதையையும் கொடுத்தார். அந்தக் கதை காலனியில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

2015 டிசம்பரில் ஆறு உடைத்துக்கொண்டு முடிச்சூருக்குள் வந்த அன்று விடியற்காலையில், பெரியவர் தனியாளாக ஹெரால்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாராம். ஆறு நடை. ஒன்பது குடும்பங்களைத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்கினாராம். கடைசி நடையில் தண்ணீர் பம்பரைத் தாண்டிவிட்டது. “ரெண்டு லைட்டும் தண்ணிக்கு அடியில எரிஞ்சுது. அந்த வெளிச்சத்தப் பாத்துத்தான் ரோடு எதுன்னு கண்டுபிடிச்சேன்” என்று சொல்லும்போது அவர் குரல் கம்மும். வருடா வருடம் டிசம்பரில் காலனிச் சங்கம் அவருக்குச் சால்வை போடும். பூங்காவில் காரோடு அவர் நிற்கும் படம் இருக்கிறது.

விஷ்ணுப்ரியா குடும்பம் 2019இல்தான் அங்கே குடிவந்தது. கதையைக் கேட்டு அவளுக்கும் மயிர்க்கூச்செறிந்திருக்கிறது. அந்தக் காருக்காக அவள் ஆசைப்பட்டதில் பாதி அதனால்தான்.

இந்த வருடம் பத்தாம் ஆண்டு. சங்கச் செயலாளர் சுந்தரராமன் வீடு தேடி வந்தார்.

“மேடம், சனிக்கிழமை சாயங்காலம் ஊர்வலம். பெரியவர் உங்க கார்ல முன்னாடி வரணும். அந்த லைட்டு ரெண்டும் பளிச்சுன்னு எரியணும். அதான் ஹைலைட்டே.”

வாங்கியதிலிருந்து அவள் காரைப் பகலில் மட்டும்தான் ஓட்டியிருந்தாள். இடது விளக்கு எரியவே எரியாது. வலது விளக்கு மெழுகுவர்த்தி மாதிரி மினுக்கும். எப்படியும் மாற்ற வேண்டியதுதான். கணவன் ஷ்யாம்சுந்தர் வெள்ளை எல்.இ.டி. போடச் சொன்னான். அது எதிரே வருபவன் கண்ணைக் குருடாக்கும், பழைய வண்டிக்குப் பொருந்தாது என்று அவள் ஹாலஜன் பல்பும் புது ரிஃப்ளெக்டரும் வாங்கி வந்தாள். பழைய வயரிங்கில் மின்சாரம் டேஷ்போர்டு சுவிட்ச் வரைக்கும் போய்ச் சுற்றி வருவதால் பாதி வழியிலேயே செத்துவிடும். பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, நடுவில் ரிலே என்ற தானியங்கி சுவிட்சை வைக்கத் திட்டம். ஒரு நாள் வேலை.

மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு அவள் திரும்பி வந்தாள். வலது விளக்கையும் கழற்றினாள். அதே சேறு. பின்னாலிருக்கும் கிண்ணத்தில் பாதிக்குமேல் அடை அடையாகப் படிந்திருந்தது. அவள் குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தாள். ஓடுகிற வண்டியில் தண்ணீர் புகுந்தால் அடித்துக்கொண்டு வெளியே போய்விடும். இப்படி மாவு மாதிரி நைஸாகப் படிய வேண்டுமென்றால் தண்ணீர் அசையாமல் நிற்கவேண்டும். ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரம் இல்லை. நாள்கணக்கில்.

கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றினாள். தகரத்தில், ஜன்னல் விளிம்பை ஒட்டி, பழுப்பாக ஒரு கோடு. மேல்கூரையின் உள்துணியை ஒரு மூலையில் பிரித்துப் பார்த்தாள். அங்கேயும் சேற்றின் பொடி. கூரை வரைக்கும் மூழ்கிய கார். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்திருக்கிறார்கள். சீட்டை மாற்றியிருக்கிறார்கள். பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விளக்குக்குள் மட்டும் யாரும் கை விடவில்லை.

அன்னைக்கு ஆறு நடை போன வண்டி, அப்புறம் வீட்டில் வந்து நின்று மூழ்கியிருக்கலாமே என்று அவள் மனசு அவருக்காக ஒரு சாக்குத் தேடியது. அவர்தான் சொல்லியிருக்கிறாரே, கடைசி நடைக்குப் பிறகு வண்டியைத் திருநீர்மலை அடிவாரத்தில் மேட்டில் நிறுத்திவிட்டு வந்ததாக. ‘மலையப்பன் பாத்துகிட்டான்’ என்று.

அந்த நேரத்தில் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அங்காளம்மாவைப் பின்னால் உட்காரவைத்து அவள் கணவன் ரங்கன் வந்திருந்தான். கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரர்கள். ஞாயிறு தோறும் காலனி கேட்டுக்கு வெளியே மீன் விற்பார்கள். உள்ளே வரக்கூடாது, நாற்றம் அடிக்கிறது என்று சங்கத்தில் தீர்மானம். விஷ்ணுப்ரியா வீடு கேட்டை ஒட்டிய முதல் வீடு என்பதால் அங்காளம்மா தண்ணீர் பிடிக்க மட்டும் வருவாள். குடத்தை எடுத்துக்கொண்டு அவள் குழாயடிக்குப் போக, ரங்கன் காருக்கு முன்னால் நின்றுவிட்டான்.

“இன்னாக்கா, கண்ணு ரெண்டையும் நோண்டி வெச்சிகினு கீற?” என்றவன் கூரையைத் தடவினான். “இந்த வண்டி இன்னும் கீதா!”

“உங்களுக்குத் தெரியுமா இந்த வண்டிய?”

“தெரியாம? எங்க மீன்புடி போட்டு இது மேலதான இட்ச்சிச்சி. இதோ பாரு, இங்கதான் பள்ளம் வுழுந்துது. பட்டி பூசி மறச்சிகீறாங்க.”

கூரையில் பட்டி பூசிய இடத்தை அவள் வாங்கிய அன்றே கவனித்திருந்தாள். மரக்கிளை விழுந்தது என்று பெரியவர் சொல்லியிருந்தார்.

“எப்போ இடிச்சுது?”

“வெள்ளத்தப்ப. லாரில ஏத்திகினு வந்தோம், நாலு போட்டு. ரெண்டாவது தெருவுல ஒரு மாடி வூடு. கீழ ஆள் முங்குற தண்ணி. மேல பெரியவரு ஒருத்தரு நின்னுகினு கத்துறாரு. கிட்ட போறோம், அடில டமால்னுது. பாத்தா காரு.”

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். “அவரை நீங்கதான் இறக்கினீங்களா?”

“தோள்ல தூக்கி எறக்கினேன்க்கா. நல்ல வெயிட்டு.” ரங்கன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான். “அத்தோட வுட்ருந்தா பரவால்ல. ரெண்டு ட்ரங்கு பொட்டி, டிவி, குத்துவெளக்கு, அல்லாத்தையும் ஏத்துன்னாரு. அதே மாடில வாட்ச்மேன் பொண்டாட்டி கைக்கொயந்தையோட நின்னுகினு இருந்துச்சி. அதையும் ஏத்திக்கலாம்னேன். வேணா, அடுத்த ட்ரிப்புல வரட்டும்னாரு. ‘ஏற்கெனவே போட்ல மீன் நாத்தம் தாங்கல, இதுங்க வேறயா’ன்னாரு. என் காதால கேட்டேன்.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“இன்னா பண்ணேன்? ஒண்ணும் பண்ணல. பெரிய ஆபீசரு, போலீஸ்ல சொல்லுவேன்னாரு. பயந்துகினு பொட்டிய ஏத்தினேன்.” அவன் தரையைப் பார்த்தான். “திரும்பி வரலாம்னா போட்டு இன்ஜின் ஃபேன்ல துணி சுத்திகிச்சி. தண்ணி இஸ்ப்பீடு வேற ஜாஸ்தி. மறுநாள் காலைலதான் போவ முடிஞ்சிது. ராவெல்லாம் மழைல நின்னுகினு இருந்துருக்கு அந்தப் பொம்பள. கொயந்தைக்கு ஒடம்பு கொதிக்கிது. பொழச்சிகிச்சி, அது வேற. ஆனா அது என்னைப் பாத்த பார்வை கீதே...”

அங்காளம்மா குடத்தோடு வந்தாள். “போதும் வா. இதையே எத்தினி தபா சொல்லுவ” என்று அவனை இழுத்துக்கொண்டு போனாள்.

விஷ்ணுப்ரியா ஒரு வில்லைச் சேற்றை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு இரண்டாவது தெருவுக்கு நடந்தாள்.

ஜெயகிருஷ்ணன் ஊஞ்சலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். தோல் அவர் வேட்டி முழுக்க. டப்பாவைத் திறந்து காட்டினாள். அவர் ஒரு முறை பார்த்துவிட்டுப் பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் துழாவினார்.

“லைட்டுக்குள்ள இருந்துதா?”

“ஆமா சார். ரெண்டுலயும்.”

“வேற யார்கிட்டயாவது காட்டினியாம்மா?”

அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். அவளுக்கு உள்ளே ஏதோ வழுக்கி விழுந்த மாதிரி இருந்தது. அதுவரைக்கும் அவர் மறுப்பார், கோபப்படுவார், வேறு ஏதாவது விளக்கம் சொல்வார் என்றுதான் எதிர்பார்த்திருந்தாள்.

“சார், கார் வீட்டை விட்டு நகரவே இல்லையா?”

“வயசாயிடுச்சு, எல்லாம் கரெக்டா ஞாபகம் இருக்கா?” கடலையை வாயில் போட்டுக்கொண்டார். மென்றுகொண்டே பேசினார். “எவ்ளோ பேர் செத்தாங்க, எவ்ளோ பேர் அழுதாங்க. அதுல ஜனங்களுக்கு ஒரு நல்ல விஷயம் வேண்டியிருந்தது. நான் சொன்னேன். அதனால யாருக்கு என்ன நஷ்டம்?”

“வாட்ச்மேன் சம்சாரம்?”

மெல்லுவது ஒரு கணம் நின்றது. “அவங்களுக்கு அப்புறம் நான் புடவை எடுத்துக் கொடுத்தேன்” என்றார். “உக்காரு, காபி சாப்பிடு.”

வீட்டுக்கு வந்து கையை மூன்று முறை சோப்பு போட்டுக் கழுவினாள். சேற்றின் நாற்றம் நகக்கண்ணில் இருந்து போகவில்லை.

மாலை சுந்தரராமனிடம் சொன்னாள். அவர் ஆச்சரியப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டார்.

“மேடம், பழைய ஆளுங்க எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். அவர் பையன் மூலமாத்தான் நம்ம ரோடு வந்துது, மழைநீர் கால்வாய் வந்துது. வருஷத்துக்கு ஒரு சால்வை. விட்ருங்களேன். இன்விடேஷன் வேற அடிச்சாச்சு.”

ஷ்யாம்சுந்தரும் அதையேதான் சொன்னான், இன்னும் கொஞ்சம் சுருக்கமாக. “நம்ம அந்த வருஷம் இங்கேயே இல்ல. உனக்கு என்ன?”

“வண்டிய எடுக்க மாட்டேன்.”

“ஸ்ம்ருதி?”

பன்னிரண்டு வயது மகள் ஸ்ம்ருதியும் அவள் தோழியும் பின்சீட்டில் கொடி பிடித்து உட்காருவதாக ஏற்பாடு. இரண்டு வாரமாக அதையே பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய பாவாடை தைத்து வந்து அலமாரியில் தொங்கியது. விஷ்ணுப்ரியா அதைப் பார்த்தாள். சரி, ஓட்டித் தொலைக்கிறேன் என்றாள். அப்படிச் சொன்ன தன் வாயின் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்கில்லை. கிண்ணங்களைக் கழற்றி, சுரண்டி, பினாயில் ஊற்றி மூன்று நாள் வெயிலில் வைத்தாள். துருவைத் தேய்த்து பெயின்ட் அடித்தாள். வெள்ளிக்கிழமை ரிலேயைப் பொருத்தி சுவிட்சைத் தட்டியபோது, எதிர்வீட்டு மதில் சுவர் முழுக்கப் பொன்னிறமாக வெளிச்சம் விழுந்தது. கல்லின் ஒவ்வொரு சொரசொரப்பும் தெரிந்தது. வேறு எந்த வேலையாக இருந்தாலும் அவள் ஸ்ம்ருதியைக் கூப்பிட்டுக் காட்டியிருப்பாள். சுவிட்சை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை ஆறரை மணிக்கு ஊர்வலம் பூங்காவிலிருந்து கிளம்பியது. முன்னால் தவில், நாதஸ்வரம். பின்னால் ஹெரால்ட். அதற்குப் பின்னால் இருநூறு பேர். ஜெயகிருஷ்ணன் சால்வையும் ரோஜா மாலையுமாக முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். மாலையின் வாசனையும் அவர் போட்டிருந்த தைலத்தின் நெடியும் சேர்ந்து மூடிய காருக்குள் அவளுக்கு மூச்சு முட்டியது. ஜன்னலைக் கீழே இறக்கினாள். பேசாமல் உட்கார்ந்திருந்தார் என்றால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

மூன்றாவது தெரு முனையில் அவர் பின்பக்கம் திரும்பினார்.

“என்ன பாப்பா, தாத்தா கதை தெரியுமா?”

“தெரியும் தாத்தா. ஆறு ட்ரிப்” என்றாள் ஸ்ம்ருதி.

“ஒண்ணு யாருக்கும் சொல்லல, உங்களுக்கு மட்டும் சொல்றேன். அன்னைக்கு மீனவங்க வந்தாங்க படகு எடுத்துட்டு. பாவம், அவங்களுக்குக் கடல்தான் தெரியும், தெருத்தண்ணி தெரியுமா? ஒரு படகு கவுந்துடுச்சு. ஒருத்தன் முழுகறான். தாத்தா குதிச்சு அவனைத் தோள்ல தூக்கிட்டு வந்து இந்த சீட்லதான், நீ உக்காந்திருக்கியே, அங்கதான் உக்கார வெச்சேன்.”

“ஐயோ!” என்றாள் ஸ்ம்ருதி, சீட்டைத் தடவிக்கொண்டே. “அம்மா, நிஜமாவாம்மா?”

விஷ்ணுப்ரியா பிரேக்கை மிதித்தாள். கார் நின்றது. எஞ்சினை அணைத்தாள். விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன.

“இல்லடா. பொய்” என்றாள். “இவரைத்தான் அந்த மீனவர் தூக்கிட்டுப் போனார். இந்தக் கார் வீட்டிலேயே மூழ்கிக் கிடந்துது.”

ஜெயகிருஷ்ணனின் உதடு அசைந்தது.

“குழந்தைங்க முன்னாடி என்னம்மா பேசற?”

“இறங்குங்க சார்.”

“எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். என் வண்டில இருந்து இறங்குங்க.”

அவள் குனிந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் மாலையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். காருக்கு முன்னால் நடந்துபோய், வெளிச்சத்தின் நடுவில் நின்றார். புது விளக்கில் அவருடைய முகத்தின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. அவள் அந்த முகத்தில் தேடினாள். வெட்கத்தில் ஒரு துளியாவது இருக்கும் என்று தேடினாள். அவர் சால்வையைச் சரிசெய்தார். கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினார்.

“ஜனங்களோட ஜனங்களா நானும் நடந்தே வரேன்!” என்றார் உரக்க.

கைதட்டல் தெருவை நிறைத்தது. யாரோ விசிலடித்தார்கள். சுந்தரராமன் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் நின்ற இடத்தில் நாடக மேடை மாதிரி வெளிச்சம் கொட்டிக்கொண்டிருந்தது, அவள் கையால் முறுக்கிய ஒயரிலிருந்து. சுவிட்சைத் தட்டினாள். தெரு சட்டென்று மங்கியது.

“மேடம், லைட்டு! லைட்டு!” என்று கத்தினார்கள்.

ஊர்வலம் காரின் இரண்டு பக்கமும் பிரிந்து வழிந்து முன்னால் போகும்வரை அவள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு வண்டியைத் திருப்பி வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் காலை சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் நன்றி அறிவிப்பு. ‘தொழில்நுட்பக் கோளாறால் கார் பாதியில் நின்றபோதும், சற்றும் தயங்காமல் நடந்தே வந்த பெரியவரின் எளிமை நம் அனைவருக்கும் பாடம். காரை அளித்த திருமதி விஷ்ணுப்ரியா அவர்களுக்கு நன்றி.’ அதற்குக் கீழே நாற்பது கும்பிடுகள். ரங்கன் சொன்னதை அவள் அப்படியே எழுதி, சேற்றின் படத்தையும் சேர்த்து அனுப்பினாள். நான்கு நிமிடத்தில் அழிக்கப்பட்டது. அதற்குள் பதினோரு பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒருத்தி, இரண்டாவது தெரு அபிதகுஜாம்பாள், தனியாக ஒரு செய்தி அனுப்பினாள்: ‘எல்லாம் உண்மைதான்மா. நாங்க எதிர்மாடில இருந்து பாத்தோம். அந்தப் பொண்ணு ராத்திரி முழுக்க எங்களையும் கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. தயவுசெய்து என் பேரை வெளிய சொல்லாதே.’

அதைப் படித்த பிறகு அவள் குழுவை விட்டு வெளியேறினாள். ஷ்யாம்சுந்தர் மூன்று நாள் பேசவில்லை. நான்காவது நாள், “குழந்தை முன்னாடி அவ்ளோ அசிங்கம் பண்ணியிருக்க வேண்டாம்” என்றான். அசிங்கம் என்ற சொல்லை அவன் எதற்குப் பயன்படுத்துகிறான் என்று அவள் அவனைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் மனைவியின் கதையையும் அம்மா சொல்லக் கேட்டிருந்த ஸ்ம்ருதி மட்டும் ஒரு கேள்வி கேட்டாள். “அந்தப் பாப்பாவுக்கு இப்ப பத்து வயசு இருக்கும்ல?” இருக்கும் என்றாள்.

அடுத்த ஞாயிறு விஷ்ணுப்ரியா கேட்டுக்கு வெளியே போனாள். அங்காளம்மா சங்கரா மீனைச் செதில் உரித்துக்கொண்டிருந்தாள். ரங்கன் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தான். நடந்ததை அவனிடம் சொன்னாள். பெரியவர் மீனவனைத் தூக்கிக்கொண்டு வந்ததாகச் சொன்ன இடத்தில் அவள் தயங்கினாள். பிறகு அதையும் சொன்னாள்.

ரங்கன் சிரிப்பான் என்று நினைத்தாள். அவன் சிரிக்கவில்லை.

“என்னையா?” என்றான். “என்னைத் தூக்கினாராமா?”

“பேர் சொல்லல. ஒரு மீனவன்னாரு.”

அவன் எழுந்துபோய் வேலியோரம் காறித் துப்பிவிட்டு வந்தான். வாயைத் துடைத்துக்கொண்டான். “அவரு கெடக்குறாருக்கா. நானும் அந்தப் பொட்டியத் தூக்கி ஏத்தினவன்தான். அந்தக் கையக் கயுவிகினே கீறேன், போவல.”

“அந்தம்மா இப்ப எங்க இருக்காங்க, தெரியுமா?”

“குன்றத்தூர் பக்கம் செங்கல் சூளைல கீறாங்கன்னு எவனோ சொன்னான். போயி பாக்கணும்னு நெனப்பேன். போயி இன்னா சொல்றது?”

அங்காளம்மா நிமிரவேயில்லை. “முள்ளு எடுத்துடட்டா, இருக்கட்டா?” என்று கேட்டாள்.

“எடுத்துடுங்க” என்றாள் விஷ்ணுப்ரியா. பையை நீட்டிக்கொண்டு நின்றாள். கேட்டுக்கு உள்ளேயிருந்து நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் அவர்களைத் தாண்டும்போது கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். அவள் அவர்களுக்கு வழிவிடாமல் அங்கேயே நின்றாள்.